வியட்நாம் இளைஞர்களும் வெளிநாட்டுப் பண்டிகைகளும்: ஓர் எளிய அறிமுகம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான டிசம்பர் 24 அன்று வியட்நாமில் அரசு விடுமுறை கிடையாது. மறுநாளும் கிடையாது. பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடக்கும், ஆபீஸுக்குப் போயாக வேண்டும், தொழிற்சாலையில் ஷிஃப்டு உண்டு. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டன்ட். அப்படியிருந்தும் அன்று இருட்டத் தொடங்கியதும் ஹனோயில் புனித சூசையப்பர் பேராலயத்துக்குப் போகும் சந்துகளில் மோட்டார் சைக்கிள் நுழையாது. தெற்கே சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தில், நோட்ர டாம் பேராலயத்தின் முன்னாலும் நுயென் ஹுவே நடைத்தெருவிலும் அதே நெரிசல்தான். கூட்டத்தில் கண்ணில் படுகிறவர்களில் மிகப் பலர் கல்லூரி வயதுக்காரர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டில் முன்னோர் மாடத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தவர்களும் அவர்களில் நிறையப் பேர். பூசைக்கு உள்ளே போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வெளியே குடிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கிடைத்ததை வாங்கித் தின்றுகொண்டு, நண்பர்களோடு நள்ளிரவு வரை சுற்றுகிறார்கள்.

இதைப் பார்த்து "மேற்கத்திய மோகம்" என்று ஒரு சாரார் வருத்தப்படுவார்கள். "உலகமயம் வந்தால் இப்படித்தான்" என்று இன்னொரு சாரார் தோளைக் குலுக்குவார்கள். இரண்டு பேச்சும் விஷயத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். இந்தப் பண்டிகை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதைவிட, இதை யாரோடு கொண்டாடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வியட்நாமிய இளைஞர்கள் செய்வது அப்போது நன்றாகப் புரியும்.

பண்டிகை கைமாறும்போது

ஒரு பண்டிகைக்குள் பல சமாசாரங்கள் சேர்ந்திருக்கும். கடவுள் நம்பிக்கை இருக்கும். வீட்டுக் கடமைகள் இருக்கும்: யார் யாரைப் பார்க்கப் போக வேண்டும், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், அடுப்பில் என்ன ஏற வேண்டும். அப்புறம் புது உடை, விளக்கு, பாட்டு, ஊர் சுற்றல் என்று வெளிக் கொண்டாட்டமும் இருக்கும். மக்கள் ஊர் விட்டு ஊர் போய்க் குடியேறினால் இவை எல்லாமே அவர்களோடு சேர்ந்து போகும். கடை, டிவி, கைபேசி வழியாக ஒரு பண்டிகை வந்து சேர்ந்தால் பெரும்பாலும் கடைசிப் பங்கு மட்டுமே வரும். சேர்ந்த இடத்தில் அது உள்ளூர்த் தேவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேரூன்றும். ஆய்வாளர்கள் இதை உள்ளூர்மயமாதல் என்பார்கள்.

வியட்நாமில் கிறிஸ்துமஸ் இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வரும் விசுவாசம். மற்ற இளைஞர்களுக்கு அது ஓர் இரவு வெளியே போவது. காதலர் தினமும் ஹாலோவீனும் முழுக்கவே இரண்டாவது வகை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

அந்த உள்ளூர்த் தேவை என்ன? அதற்கு முதலில் வியட்நாமின் சொந்தப் பண்டிகையைப் பார்க்க வேண்டும்.

டெட்: வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை

டெட் என்பது சந்திர நாட்காட்டிப்படி வரும் புத்தாண்டு. ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் விழும். வியட்நாமில் இதைவிடப் பெரிய நாள் வேறு இல்லை. தொழிற்பேட்டைகளும் பெருநகரங்களும் காலியாகும். பஸ், ரயில், விமானம் எதிலும் இடம் கிடைக்காது. பையும் பெட்டியும் கட்டிய மோட்டார் சைக்கிளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு சொந்த ஊர் போகிறவர்களும் உண்டு.

டெட்டின் வேலைகள் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் அடுப்படித் தெய்வமான ஓங் தாவ் வானுலகத்துக்குப் போய், அந்த வீட்டின் ஓராண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டு வருவார் என்பது நம்பிக்கை. அவர் ஏறிப்போக வாகனம் வேண்டுமே, அதற்காகக் கெண்டை மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடுகிறார்கள். பிறகு முன்னோர் மாடத்தைத் துடைத்துப் பித்தளைச் சாமான்களைப் பளபளப்பாக்க வேண்டும். வடக்கே செம்பீச் மலர்க் கிளை, தெற்கே மஞ்சள் மாய் மலர் வீட்டுக்கு வர வேண்டும். பசையரிசி, பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி வைத்து இலையில் சதுரமாகக் கட்டும் பான் சுங் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேக வேண்டும். அதற்கு விடிய விடிய அடுப்புப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். தெற்கே அதையே வாழையிலையில் உருளையாகக் கட்டி பான் டெட் என்கிறார்கள்.

வருடம் பிறந்ததும் சொந்தபந்தங்களைப் பார்க்கும் சுற்று தொடங்கும். இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: முதல் நாள் அப்பா வீட்டு டெட், இரண்டாம் நாள் அம்மா வீட்டு டெட், மூன்றாம் நாள் வாத்தியார் வீட்டு டெட். கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் நண்பனுக்கு ஒரு நாள் இல்லை. காதலிக்கும் இல்லை. நடைமுறையில் நண்பர்களைப் பார்க்காமல் யாரும் இருப்பதில்லைதான். ஆனால் அது பண்டிகையின் கடமைக் கணக்கில் சேராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. குழந்தைகளுக்கு டெட் என்றால் லி சி, அதாவது பெரியவர்கள் சிவப்பு உறையில் போட்டுத் தரும் பணம். பெரியவர்களுக்கு முன்னோர் வழிபாடு, வீட்டு நிர்வாகம். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு என்ன? வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டால் உறை வாங்குவது நின்றுபோய்க் கொடுக்கும் முறை வந்துவிடும். மாடத்து முன்னால் நின்று சடங்கு நடத்தும் மூப்பு இன்னும் வந்திருக்காது. நடுவில் அத்தைகளும் மாமாக்களும் கேட்கும் கேள்விகள் மட்டும் தவறாமல் வரும்: சம்பளம் எவ்வளவு, யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாயா, கல்யாணம் எப்போது? டெட் நெருங்கும்போது இந்தக் கேள்விகளைப் பற்றிய அங்கலாய்ப்பு வியட்நாமிய சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் பெருகும்.

எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில் வரும் சுங் தூ பண்டிகையும் இதே கதைதான். நட்சத்திர விளக்கு, சிங்க ஆட்டம், நிலாக் கேக் எல்லாம் குழந்தைகளை மையமாக வைத்தவை. ஆக மரபான நாட்காட்டியில் சிறுவர்களுக்கு இடம் இருக்கிறது, குடும்பத் தலைவர்களுக்கு இடம் இருக்கிறது, இறந்துபோனவர்களுக்குக்கூட இடம் இருக்கிறது. சிறுவயதைத் தாண்டிவிட்ட, இன்னும் குடும்பஸ்தர் ஆகாத ஒருவர் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து கொண்டாட நகரத்தில் ஒரு நாள் இல்லை. பழைய கிராமத்தில் வசந்தகாலக் கோயில் விழாக்கள் அந்த வேலையைச் செய்தன. ஊர்த் திருவிழாவில் ஆண்களும் பெண்களும் எதிரெதிர் நின்று குவான் ஹோ பாட்டுப் பாடுவது வடக்கே பாக் நின் பகுதியில் இன்றும் உண்டு. வாடகை அறையில் தங்கிப் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைக்கு அது எட்டாத தூரம். வெளிநாட்டுப் பண்டிகைகள் வந்து உட்கார்ந்தது இந்தக் காலி இடத்தில்தான்.

நோயெல்

வியட்நாமில் கிறிஸ்துமஸை பிரெஞ்சுக்காரர்களைப் போல நோயெல் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க மிஷனரிகளின் பணி அங்கே வேர்விட்டிருந்தது. ஆட்சிக் காலத்தில் பெரிய ஆலயங்கள் எழும்பின. சைகோன் பேராலயம் 1880இல் முடிந்தது. ஹனோய் பேராலயத்தை 1886இல் கிறிஸ்துமஸை ஒட்டித் திறந்தார்கள்.

பிறகு 1954 வந்தது. ஜெனீவா ஒப்பந்தத்தால் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே போனார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். ஒரே ஆலயத்தைச் சேர்ந்த மக்கள், அதாவது ஒரு பங்கு, அப்படியே பாதிரியாரோடு கிளம்பிவந்து புது இடத்தில் அதே பங்காகக் குடியேறிய கதைகள் நிறைய. சைகோனின் எட்டாம் வட்டாரம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட பகுதியில் பாம் தே ஹியன் தெருவை ஒட்டி இப்படி வந்தவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. டிசம்பரில் அங்கே சந்துக்குச் சந்து நட்சத்திரம், விளக்குச் சரம், ஆளுயரக் குடில். அக்கம்பக்கத்தார் காசு போட்டு, இரவு இரவாக உட்கார்ந்து செய்பவை. நகரம் முழுவதிலுமிருந்து, மதம் பார்க்காமல், இளைஞர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். "அந்நியப் பண்டிகை" என்று பேசுகிறவர்கள் இந்தச் சந்துகளை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அறுபது லட்சத்துக்கு நெருக்கமான வியட்நாமியர்களுக்கு நோயெல் சொந்தப் பண்டிகை. கூட்டமாக வரும் மற்ற இளைஞர்கள் பல சமயம் பக்கத்துத் தெரு வியட்நாமியரின் பண்டிகைக்குத்தான் விருந்தாளியாகப் போகிறார்கள்.

ஹனோயின் மூத்த தலைமுறைக்கு டிசம்பர் கடைசி வாரம் வேறொரு நினைவையும் கொண்டுவரும். 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை அமெரிக்க பி-52 விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் நிறுத்திவிட்டு, 26ஆம் தேதி இரவு மறுபடி வந்தன. அன்று காம் தியன் தெரு தரைமட்டமானது. அங்கே இன்றும் நினைவிடம் இருக்கிறது, அந்த நாளில் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். ஒரே வாரத்தில் பேரன் பேராலயத்துக்கு முன்னால் படம் எடுக்கவும் தாத்தா அந்த நினைவிடத்துக்குப் போகவும் கூடிய நகரம் அது. தாத்தாவின் மௌனத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்தில் நோயெல் பெரும்பாலும் ஆலயச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. அரிசிக்கே வரிசையில் நின்ற நாட்கள் அவை. 1986இல் டோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1994இல் அமெரிக்கா தன் வர்த்தகத் தடையை விலக்கிக்கொண்டது, 1995இல் இரு நாடுகளும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன, 1997இல் வியட்நாமுக்கு இணையம் வந்தது. ஹோட்டல்களும் பேரங்காடிகளும் வாசலில் மரம் வைத்தன, பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டம் வந்த இடத்தில் கடை வந்தது. இன்று நவம்பர் பாதியிலேயே காபிக் கடைகள் பனி போர்த்திக்கொண்டு நிற்கும், படம் எடுக்க வருகிறவர்களுக்காக. சைகோனில் அப்போதும் பகலில் முப்பது டிகிரி வெயில். ஹனோயில் நிஜமாகவே குளிர் இருக்கும் என்பதால் கம்பளிக் கோட்டும் மப்ளரும் அலமாரியிலிருந்து வெளியே வர இது ஒரு சாக்கு. சைகோன் பேராலயத்தில் 2017 முதல் மறுசீரமைப்பு நடக்கிறது. சமீப ஆண்டுகளில் சாரத்தின் மேலேயே விளக்குச் சரங்களைக் கட்டினார்கள், அதற்கும் கூட்டம் வந்தது.

இதில் முழுக்க முழுக்க உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிள் கிறிஸ்துமஸ் தாத்தா. பெற்றோர் பரிசை முன்கூட்டியே வாங்கிக் கடையிலோ கூரியரிலோ கொடுத்துவிடுவார்கள். 24ஆம் தேதி சாயங்காலம் சிவப்பு உடை, பஞ்சுத் தாடியோடு ஒரு கல்லூரி மாணவர் ஹோண்டாவில் வந்து, குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பரிசைக் கொடுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பறப்பார். மாணவருக்கு அது ஓர் இரவின் சம்பாத்தியம். புகைபோக்கியும் இல்லை, பனிவண்டியும் இல்லை, சந்துக்குள் நுழையும் இரு சக்கர வண்டி போதும். வந்த பண்டிகை ஒன்று ஊருக்கு ஏற்றபடி மாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பேக்கரிகளில் விற்கும் மரக்கட்டை வடிவக் கேக் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அதுவும் இப்போது ஊர்ப் பலகாரம்போல் ஆகிவிட்டது.

பூக்களின் நாட்காட்டி

காதலர் தினத்தைப் பற்றிப் பேசுமுன் டா லாட் மலைநகரத்துப் பூத்தோட்டங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். வியட்நாமின் ரோஜாக்களில் கணிசமானவை அங்கிருந்து சைகோனின் ஹோ தி கீ பூச்சந்தைக்கும் பிற ஊர்களுக்கும் இறங்குகின்றன. விவசாயிகள் கணக்குப் போட்டுச் செடியைக் கவாத்து செய்யும் நாட்கள் இவை: டெட், பிப்ரவரி 14, மார்ச் 8, அக்டோபர் 20, நவம்பர் 20.

மார்ச் 8 சர்வதேச மகளிர் தினம். அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், சோஷலிச இயக்கங்களின் வழியே. வியட்நாமில் அது வெறும் கூட்டமும் தீர்மானமுமாக நிற்கவில்லை. வகுப்பில் பையன்கள் காசு சேர்த்துப் பெண்களுக்குப் பூ வாங்குவார்கள், ஆபீஸில் ஆண்கள் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள், மகன் அம்மாவுக்கு ஒரு கொத்து கொண்டுபோவான். அக்டோபர் 20 வியட்நாமிய மகளிர் தினம், 1930இல் பெண்கள் சங்கம் தொடங்கிய நாள். அன்றும் இதே பூக்கள். நவம்பர் 20 ஆசிரியர் தினம். காதலர் தினம் வருவதற்கு முன்பே "நாள் பார்த்துப் பூக் கொடுக்கும்" பழக்கம் நன்றாக ஊறியிருந்தது என்பதே இதன் அர்த்தம். பிப்ரவரி 14 வந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழக்கத்தில் சேர்ந்துகொண்டது. மார்ச் 8ஐ யாரும் அந்நியப் பண்டிகை என்று சொல்வதில்லை. எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து ஒரே மாதிரிப் பொருளுக்கு வேறு வேறு பேர் கிடைக்கிறது.

டெட்டும் காதலர் தினமும் மோதிக்கொள்வதும் உண்டு. 2010இல் டெட் முதல் நாளே பிப்ரவரி 14தான். அன்று வென்றது டெட். ஆளுக்கொரு ஊரில் தத்தம் அப்பா வீட்டில் இருந்த காதலர்களுக்குக் கைபேசிதான் துணை.

ஹாலோவீனும் ஏழாம் மாதமும்

வந்தவற்றில் மிக இளையது ஹாலோவீன். மிக அதிகமாகத் திட்டு வாங்குவதும் அதுதான். நகரங்களில் பெருகிய ஆங்கிலப் பயிற்சி மையங்கள் இதைப் பாடத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தன. மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் சூனியக்காரித் தொப்பியோடு நிற்பார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் சைகோனின் புய் வியன் தெருவில் முகத்தில் ரத்தச் சாயம் பூசிக்கொண்டு சுற்றுவார்கள்.

இங்கே எதிர்ப்புக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. வியட்நாமியர்கள் இறந்தவர்களை மிகவும் கவனமாக நடத்துகிறவர்கள். ஏழாம் சந்திர மாதப் பௌர்ணமியை ஒட்டி, போவதற்கு வீடும் கும்பிட வாரிசும் இல்லாத ஆவிகளுக்காக வாசலில் வெள்ளைக் கஞ்சி, பொரி, அரிசி, உப்பு வைக்கிறார்கள். போரில் காணாமல் போய் உடல் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் உள்ள நாட்டில் இது வெறும் சடங்காக இருக்க முடியாது. மகனின் எலும்பைத் தேடிக்கொண்டே வயதான தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிளாஸ்டிக் மண்டையோட்டை வேடிக்கைக்கு மாட்டினால் உறுத்தத்தான் செய்யும். நோயெலைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹாலோவீன் விஷயத்தில் பெரியவர்கள் முகம் சுளிப்பதை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் அந்தத் தொப்பியைக் கொடுக்கும் அதே வருடத்தில் ஏழாம் மாதக் கஞ்சி எதற்கு என்றும் குழந்தைக்குச் சொல்லித் தரலாம். இரண்டுக்கும் வகுப்பில் நேரம் உண்டு.

ஹனோயின் ஹாங் மா தெருவுக்கு ஒருமுறை போனால் இது கண்ணுக்குத் தெரியும். இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணம், காகித உடை, காகித வீடு விற்பதற்கென்றே பேர்போன பழைய தெரு. எட்டாம் மாதம் அது முழுக்க நிலா விழா விளக்குகள். அக்டோபரில் எலும்புக்கூடும் பூசணியும். டிசம்பரில் தாடியும் நட்சத்திரமும். ஜனவரியில் டெட்டுக்கான சிவப்பும் தங்கமும். கடைக்காரர் மாறுவதில்லை, சரக்கு மட்டும் மாறுகிறது. ஊதுபத்தியோடு கட்டும் காகிதத்தையும் ஹாலோவீன் முகமூடியையும் ஒரே குடும்பம் விற்கிறது.

மேற்கிலிருந்து மட்டும் வரவில்லை

"வெளிநாட்டுப் பண்டிகை" என்றதும் அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான் நினைவுக்கு வருகின்றன. வியட்நாமிய இளைஞர்கள் கிழக்கிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள். மார்ச் 14இல் வரும் வெள்ளைக் காதலர் தினம் ஜப்பானில் உருவானது. நவம்பர் 11 தள்ளுபடித் திருவிழா சீன இணைய வணிகத்திலிருந்து வந்தது.

இவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமானது தட் திச். ஏழாம் மாதம் ஏழாம் நாள், மாடு மேய்ப்பவனும் நெசவுப் பெண்ணும் வருடத்தில் ஒருமுறை பால்வீதியைத் தாண்டிச் சந்திக்கும் நாள். கதை வியட்நாமில் காலங்காலமாக இருக்கிறது. அந்தப் பருவத்தில் பெய்யும் மழையை அவர்களின் கண்ணீர் என்பார்கள். ஆனால் அன்று சிவப்புக் காராமணி போட்ட இனிப்புக் கஞ்சி சாப்பிட்டால் துணை கிடைக்கும் என்பது சில வருடங்களாகத்தான். சமூக ஊடகம் வழியே சீனாவிலிருந்து பரவிய பழக்கம் அது. இப்போது அன்றைக்கு ஹனோயின் இனிப்புக் கஞ்சிக் கடைகளில் வரிசை நிற்கிறது. காதல் வேண்டுதலுக்குப் பேர்போன ஹா பகோடாவில் தட்டில் பூவும் சீட்டும் வைத்துக்கொண்டு இளைஞர்கள் நெரிகிறார்கள். பழைய கதை, புதிதாக வந்த பழக்கம், உள்ளூர்ப் பகோடா மூன்றும் கலந்த இதை உள்நாட்டுப் பண்டிகை என்பதா, வெளிநாட்டுப் பண்டிகை என்பதா? பண்டிகைகளை இப்படி இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடவே முடியாது என்று இந்த ஒரு நாளே காட்டிவிடுகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் அங்கே உண்டு. சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ரூங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வணிகம் செய்த தமிழர்கள் கட்டியது. போர் முடிந்த 1975க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், ஆனால் கோயிலில் வழிபாடு நின்றுபோகவில்லை. இன்று அங்கே ஊதுபத்தியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும். கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் மெல்லிய குரலில் வேண்டிக்கொள்வது அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். வெளியிலிருந்து வந்ததைத் தன் முறைப்படி கும்பிடும் பழக்கம் இன்றைய இளைஞர்களோடு ஆரம்பிக்கவில்லை.

அரசும் பெரியவர்களும்

வியட்நாமில் இந்த விஷயம் வந்தால் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: கலந்துகொள், கரைந்துபோகாதே. பள்ளிக் கட்டுரையிலிருந்து மேடைப் பேச்சு வரை இது வரும். திருவிழாக்களை முறைப்படுத்தும் 2018ஆம் ஆண்டு அரசாணை "வெளிநாட்டில் தோன்றிய விழா" என்று ஒரு தனி வகையையே வைத்திருக்கிறது. அது அமைப்புகள் ஏற்பாடு செய்து நடத்தும் விழாக்களைப் பற்றியது. நான்கு நண்பர்கள் சேர்ந்து பேராலயத்துக்குப் போய் வருவதை எந்த ஆணையும் தொடாது. இன்னொரு பக்கம் அரசு மரபுக்கும் பலம் சேர்க்கிறது. நாட்டை நிறுவியவர்களாக நம்பப்படும் ஹுங் மன்னர்களின் நினைவு நாளை 2007இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆக்கினார்கள். அந்த வழிபாடு 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

டெட் அழிந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஒரு நல்ல பரீட்சை ஏற்கெனவே நடந்துவிட்டது. நெல் விஞ்ஞானி வோ டோங் சுவான் 2000களின் நடுவில் ஒரு யோசனை சொன்னார்: ஜப்பான் 1873இல் செய்ததுபோல் டெட்டை ஜனவரி 1க்கு மாற்றிவிடலாம், உலகத்தோடு சேர்ந்து விடுமுறை எடுக்கலாம், வேலைநாட்கள் வீணாகாது. நாட்டின் பசி தீர உழைத்த, மரியாதைக்குரிய மனிதர். ஆனாலும் யோசனை எடுபடவில்லை. பின்னாளில் மறுபடி பேச்சு எழுந்தபோதும் பலத்த எதிர்ப்புத்தான். டிசம்பரில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொள்ளும் அதே பையன் டெட் டிக்கெட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே அலைகிறான். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடவில்லை.

கவலைப்பட வேண்டியது சுங் தூவைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அதை நோயெல் வந்து கெடுக்கவில்லை. நிலாக் கேக் மெல்ல மெல்ல நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் அலங்காரப் பெட்டியாக மாறியது. மூங்கிலும் கண்ணாடித்தாளும் வைத்துக் கையால் செய்த நட்சத்திர விளக்கின் இடத்தில் பாட்டுப் பாடும் பேட்டரி பொம்மை வந்தது. குழந்தையோடு உட்கார்ந்து விளக்குச் செய்யும் நேரம் வீடுகளில் குறைந்தது. மாறாக துயென் குவாங் நகரில் அக்கம்பக்கத்தார் கூடி ராட்சத விளக்கு உருவங்கள் செய்து ஊர்வலமாக இழுக்கிறார்கள். அங்கே அந்தப் பண்டிகைக்கு இளைஞர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். செய்வதற்குக் கைவேலையும், கூடுவதற்குத் தெருவும் கிடைத்தால் மரபுப் பண்டிகைக்கும் இளைஞர்கள் வருவார்கள் என்பதற்கு இதுவே போதும். டெட்டுக்கு முன் ஆவ் ஸாய் என்ற நீண்ட வியட்நாமிய உடையை உடுத்திக்கொண்டு தோழிகள் கூட்டமாகப் பழைய தெருக்களில் படம் எடுக்கப் போவதும் இந்த ரகம்தான். அந்த உடையே 1930களில் ஹனோய் ஓவியர்கள் பிரெஞ்சுப் பாணியைப் பார்த்துத் திருத்தி அமைத்த வடிவத்திலிருந்து வந்தது.

நீங்கள் அங்கே இருந்தால்

படிக்கவோ வேலைக்கோ வியட்நாம் போகிற தமிழர்கள் இப்போது கூடிவருகிறார்கள் என்பதால் நடைமுறையில் ஒன்றிரண்டு. டிசம்பர் 24 இரவு சக ஊழியர்கள் "வா, வெளியே போகலாம்" என்றால் தயங்காமல் கிளம்புங்கள். மதம் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. பேராலயத்தைச் சுற்றிய தெருக்களைப் போலீஸ் மறித்திருக்கும், வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். மார்ச் 8 அன்று நீங்கள் ஆணாக இருந்தால் ஆபீஸ் பெண்களுக்கான வசூலில் உங்கள் பங்கைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

டெட் வாரத்தில் நிறையக் கடைகள் சாத்திக்கிடக்கும், முன்கூட்டியே மளிகை வாங்கி வையுங்கள். முக்கியமாக, டெட் முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று நீங்களாகப் போய்விடாதீர்கள். வருடத்தில் முதலில் படியேறுகிறவரின் ராசி அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க ஒட்டும் என்று நம்புகிறார்கள். பிறந்த வருடம் பொருந்துகிறதா, வீட்டில் துக்கம் இல்லையா என்று பார்த்து அந்த ஆளை முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். அவர் வந்துபோகட்டும். கூப்பிட்டால் மத்தியானத்துக்கு மேல் போங்கள், குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் புது நோட்டு எடுத்துக்கொண்டு.